அவரைக்குக் கட்டிய கறுப்புத் துணி

இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது ஜன்னலுக்கு வெளியே வெயில் அடிக்கும். நெதர்லாந்துக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் எனக்கு இது சகிக்கவில்லை. போகவேண்டிய நேரத்தில் போகாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத விருந்தாளிபோல ஒரு சூரியன். எனக்கே இப்படியென்றால் என் அவரைக்கு எப்படியிருக்கும்? பழவேற்காட்டில் ஐப்பசி கழிந்து பொழுது சுருங்கினால்தான் அது பூக்கும். இங்கே கோடை முழுக்கப் பகல் நீண்டு கிடப்பதால் இலை இலையாகத் தள்ளிவிட்டு, குளிர் வரும் நேரத்தில்தான் பூவைக் காட்டும். காய் முற்றுவதற்குள் உறைபனி விழுந்துவிடும். மறுநாள் போய்ப் பார்த்தால் கொடி முழுக்கக் கறுத்துச் சளிபோலத் தொங்கும். அதை அள்ளிக் கொட்டும்போதெல்லாம் எனக்குக் குமட்டும்.

ஊரை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. ஈ மொய்க்காத சோற்றை நான் அங்கே தின்றதில்லை. ஆனால் அப்பா, எங்கள் நைனா, வேலியில் ஏற்றிய அவரை வேறு விஷயம். கிழிந்த வலையை வேலியாகக் கட்டி, இறால் தலைகளை வேரடியில் புதைத்து வளர்த்தார். காயைக் கிள்ளினால் விரலில் ஒரு மணம் பிசுபிசுவென்று ஒட்டும், சோப்புப் போட்டாலும் போகாது. கருவாட்டோடு கொதித்தால் தெருமுனைவரை தெரியும். மீன் கூடையோடு பஸ்ஸுக்குப் போகும் பெண்கள் நின்று, "இன்னாமா காச்சிக்கீது பாரு" என்றால் போதும், நைனாவின் முகம் மாறிவிடும். "கண்ணு வெச்சிட்டுப் போறாளுங்க. அந்தக் கறுப்புத் துணிய எட்த்தா" என்பார். புதுப் படகுக்குக் கட்டுவதுபோலவே அவரைக்கும் கட்டுவார். அவர் போன பிறகு ஒரு புயலில் கடல் வாசலுக்குள் வந்தது. மண் உப்பாகிவிட்டது என்று தம்பி மணி அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டான். அந்த விதையில் மிச்சம் என்னிடம் இருந்ததுதான்.

ஜன்னலோரத் தொட்டியில் வைத்து விதைக்கு நாலு காய் எடுக்கலாம், குழம்புக்கு ஆகாது. இந்த ஊர்ப் பகலில் பூக்க வேண்டும், அந்த மணமும் இருக்க வேண்டும். அப்படி ஒரு செடி உலகத்தில் இல்லையென்றால் நானே உண்டாக்குவது என்று இறங்கினேன். பெங்களூர்ப் பக்கத்தில் கொடி விடாத குத்து அவரை ஒன்று உண்டு. பகல் நீளமானாலும் குட்டையானாலும் பூக்கும், ஆனால் காய் நனைந்த காகிதம். அதன் மொக்கை மலர்வதற்கு முன்பே பிரித்து, மகரந்தப் பைகளைப் பிடுங்கிவிட்டு, நைனாவின் அவரைப் பூவிலிருந்து மகரந்தம் தடவினேன். நான் வேலை பார்க்கும் மீன் தொழிற்சாலையில் முள் பிடுங்கும் இடுக்கிதான் கருவி. முதல் தலைமுறை முழுக்க நைனாவின் கொடி மாதிரியே சோம்பேறி. அதன் விதையைப் போட்டபோதுதான் பிள்ளைகள் விதவிதமாகப் பிரிந்தன. சீக்கிரம் பூத்தவற்றில் மணமில்லை, மணத்தவை பூக்கவில்லை. ஒவ்வொரு காயாகக் கசக்கி மோந்து பார்த்து, ஆகாததைப் பிடுங்கி எறிந்தேன்.

கடைசியில் ஒரே ஒரு செடி. கோடையிலேயே பூத்தது, கசக்கினால் நைனாவின் வேலி மணத்தது. பக்கத்துத் தோட்டத்து மரெய்கே குனிந்து மோந்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். இங்கே ஃபோல்க்ஸ்டெய்ன் என்று நகராட்சி நிலத்தைத் துண்டு துண்டாக வாடகைக்கு விடுவார்கள். அவளும் நானும் அங்கே அடுத்தடுத்த துண்டு. இவர்களுக்குக் காய் என்றால் வாசனையே இருக்கக்கூடாது. தொழிற்சாலையில் நல்ல மீன் தலைகளைக் குப்பையில் தள்ளுகிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? ஆனாலும் மரெய்கே மரியாதைக்காக, "எவ்வளவு அழகாகக் காய்த்திருக்கிறது" என்று சொல்லிவைத்தாள். எனக்குத் திக்கென்றது. அவள் அந்தப் பக்கம் போனதும் பழைய குடைத்துணியைக் கிழித்து அந்தச் செடியில் கட்டினேன்.

அந்த வாரம் தொடர்ந்து வேலை. காய் முற்றியிருக்கும் என்று கூடையோடு போனால் செடி இருந்த இடத்தில் குழி.

"நான்தான் பிடுங்கினேன்" என்றாள் மரெய்கே, உதவி செய்த முகத்தோடு. "நோய்ச் செடிக்குத்தானே நம் தோட்டச் சங்கத்தில் கறுப்புத் துணி கட்டுவார்கள். உனக்கு நேரமில்லை என்று தெரியும். நன்றியெல்லாம் வேண்டாம்."

அவளை அறைய வேண்டும்போல இருந்தது. நோய்ச் செடிகளைக் கொட்டும் மூடித்தொட்டி தோட்ட வாசலில் இருந்தது, லாரி இன்னும் வரவில்லை. திறந்தேன். அழுகிய உருளைக்கிழங்கு, நொதித்த தக்காளி, ஓடில்லாத நத்தைகள். நடுவே நான் முன்பு பிடுங்கிப்போட்ட மணமில்லாத அவரைகளும் அதே இலை, அதே காயோடு கலந்து கிடந்தன. முழங்கைவரை கையை விட்டேன்.

"கையுறை தரட்டுமா?" என்றாள் மரெய்கே.

"வேண்டாம். போட்டால் நாற்றம் விரலில் ஒட்டாது."

"ஒட்ட வேண்டுமா?"

"ஆமாம்."

அவள் இரண்டடி தள்ளிப்போய் நின்றாள். ஒவ்வொரு காயாகக் கசக்கி மோந்தேன். எல்லாம் அழுகல். பிறகு ஒரு காய், அழுகலையும் மீறிக்கொண்டு. அந்தக் கொடியை மட்டும் இழுத்தெடுத்தேன். குடைத்துணி அப்படியே இருந்தது. கீழ்க்காய்கள் முற்றியிருந்தன.

அன்று தம்பி மணிக்குப் போன் செய்தேன்.

"இன்னாக்கா நீ, ஒரு அவரைக்காய்க்கு குப்பத்தொட்டில கை வுட்டியா?" என்றான். "காட்டூர்லேர்ந்து தெனம் வருது. வாங்கித் துன்னா போவுது."

"அதுல வாசனை கீதாடா?"

"யாருக்கா இப்போ வாசனையெல்லாம் பாக்குறாங்க? அந்த நாத்தம் எம்பொண்டாட்டிக்கு ஆவாது."

எனக்கு மரெய்கேமீது வந்த அருவருப்பைவிட இது பெரிதாக இருந்தது. அவளாவது தெரியாமல் செய்தாள். விதை அனுப்பட்டுமா என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் வைத்துவிட்டேன்.

இந்தக் கோடையில் அந்த விதைகள் முளைத்தன. மணக்கும் செடி ஒன்று எல்லாவற்றுக்கும் முந்திப் பூத்தது. மரெய்கே வந்து பார்த்து மறுபடியும் அழகு என்றாள். அவள் போனதும் கறுப்புத் துணியைக் கட்டினேன். அதன் கீழே ஒரு வெள்ளை அட்டையைக் கட்டி, அவர்கள் மொழியில் 'நீட் வெக்ஹாலன்', பிடுங்காதே, என்று எழுதினேன். துணி கண் வைப்பவர்களுக்கு, அட்டை உதவி செய்பவர்களுக்கு. இரண்டையும் நான் நம்பவில்லை. கடல் காற்று வந்தால் ஒரே தண்டில் இரண்டும் அடித்துக்கொள்கின்றன. செடி கொஞ்சம் சாய்கிறது. வேலைக்குப் போகுமுன் தினமும் போய் நிமிர்த்திவிட்டு வருகிறேன்.