எங்கள் லெஃப்ட் பேக்கைத் திட்டிய சீசன்

கால்பந்து ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். நாங்கள் ஒரு சீசன் முழுக்க எங்களுடைய ஆகச்சிறந்த ஆட்டக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தோம். கோபத்தில் அல்ல, உட்கார்ந்து யோசித்து, திட்டம் போட்டுத்தான் திட்டினோம். அந்தத் திட்டத்தில் எனக்கும் பெரிய பங்கு உண்டு என்பதால் நானே எழுதிவிடுகிறேன். கண்டக்டர் சொல்ல ஆரம்பித்தால் மொத்தப் பழியும் என் தலையில்தான் வந்து விழும்.

பட்டுக்கோட்டையில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரைக்கும் எங்கள் பக்கத்தில் கால்பந்து சீசன். ஊருக்கு ஊர் டோர்னமெண்ட் நடக்கும். மோட்டார் எரிந்துபோவதும் அந்தக் கோடையில்தான் அதிகம். எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு மூன்றரை மணிக்கு வருகிற விவசாயி, பாதி இறங்கிய ஷட்டரைப் பார்த்து என்னைத் திட்டாத நாள் கிடையாது. நாளைக்குக் காலையில் முதல் வேலை உங்களுடையதுதான் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிடுவேன்.

வேனில் எத்தனையோ பேர் வருவார்கள், போவார்கள். ஒரு மேட்ச் விடாமல் வருகிறவர்கள் மூன்று பேர். ஒருவன் நான். இன்னொருவர் பாய். சவுதியில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். கால்பந்து பற்றி எதைச் சொன்னாலும் ‘அங்க இப்படி இல்ல’ என்றுதான் ஆரம்பிப்பார். மூன்றாவது ஆள் ரிட்டையர்டு கண்டக்டர். விசில் இல்லாமலேயே பஸ்ஸை நிறுத்தக்கூடிய தொண்டை அவருக்கு.

அந்த வருஷம் எங்கள் அணிக்கு ஒரு புது லெஃப்ட் பேக் வந்தான், இடது ஓரத்தில் நின்று தடுத்து ஆடுகிறவன். இருபது வயது. பக்கத்துக் கிராமம். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போடுகிறவர். பையன் ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் படித்து முடித்திருந்தான். முதல் இரண்டு மேட்சில் நான் அவனைக் கவனிக்கவே இல்லை. பேக் ஆடுகிறவனை யார் கவனிக்கிறார்கள்? கோல் போட்டவனைத் தூக்குவோம், கோல் விட்ட கீப்பரைத் திட்டுவோம். பேக் ஞாபகத்துக்கு வருவது அவன் தப்பு செய்கிற அன்றுதான். மூன்றாவது மேட்சில் எதிரணியில் இவனுக்கு நேர் எதிரே ஏறி வருகிற ரைட் விங்கர், அந்த வட்டாரத்திலேயே அவனைப் பிடிக்க ஆளில்லை என்று பேர் வாங்கியவன், பாதி ஆட்டம் முடிந்ததும் பேசாமல் மறுபக்கம் மாறி நின்றுகொண்டான். பாய் என் தொடையில் தட்டினார். “பாத்தீங்களா, நம்ம பையனுக்குப் பயந்து ஓடிட்டான்.” அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும் பந்தை விட்டுவிட்டு அவனையே பார்க்க ஆரம்பித்தோம். பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் ஒரு பக்கம் ஏறியது, பயம் ஒரு பக்கம் ஏறியது.

பயம் ஏன் என்றால், எங்கள் பக்கத்து டோர்னமெண்ட்களில் ஒவ்வொரு அணியும் வெளியூர் ஆட்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவன் நன்றாக ஆடுகிறான் என்று பேர் அடிபட்டால் போதும், அடுத்த ஊர்க்காரர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அதற்கு முந்தைய வருஷம் எங்கள் கீப்பரை இப்படித்தான் பறிகொடுத்தோம். ஒரே ஒரு மேட்சுக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தார்கள். அவன் அந்த ஊரிலேயே பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டான்.

எனவே இந்தப் பையனைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று மூவரும் முடிவெடுத்தோம். எங்கள் ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போட்டோ வரக்கூடாது. அவன் கொடுத்த பந்தில் கோல் விழுந்தால் கோல் போட்டவனை மட்டும் புகழ வேண்டும். மைதானத்தில் அவன் பிரமாதமாக ஏதாவது செய்தால் உடனே திட்டிவிட வேண்டும். இந்தக் கடைசி யோசனை என்னுடையது. கண்டக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பையன் ஓடிப்போய் ஒரு பந்தை அழகாகப் பிடுங்குவான். இவர் எழுந்து நின்று, என்னடா ஆட்டம் ஆடுற, உன்னையெல்லாம் யாருடா டீமில் சேர்த்தது என்று மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார். கத்திவிட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

பையனிடம் இந்த விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கனம் வந்துவிடும் என்று பாய் நினைத்தார். நாங்களும் தலையாட்டினோம்.

திட்டம் நன்றாகவே வேலை செய்தது. ஊர் ஊராகப் போனோம், ஜெயித்தோம், ஒருத்தரும் அவனைத் தேடி வரவில்லை. மன்னார்குடியில் ஒரு செமி ஃபைனல். ஆட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தொப்பியும் தோள்பையுமாக ஓர் ஆள் பக்கத்தில் வந்து நின்றார். உங்களுடைய லெஃப்ட் பேக், அந்த மூன்றாம் நம்பர் பையன் எப்படி என்று கேட்டார். எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது. எந்த ஊர்க்காரனோ மோப்பம் பிடித்து வந்துவிட்டான். அதற்கு முந்தின வாரம் வயலில் நெல் அறுத்த அடித்தாள் குத்தியதில் பையன் முழங்காலில் ஒரு சின்னக் கட்டு போட்டிருந்தான். அது என் வாய்க்கு வசதியாகப் போய்விட்டது.

“முட்டி போயிடுச்சுங்க. இந்த சீசன் தாண்டுறதே கஷ்டம்” என்றேன்.

பாய் தன் பங்குக்கு, பையனுக்குக் கோபம் ஜாஸ்தி, ரெஃப்ரியையே அடிக்கப் போவான் என்றார். வலது கால் சுத்தமாக வராது என்று கண்டக்டர் முடித்து வைத்தார். அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு, வாங்கிய டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் போய்விட்டார். வரும் வழியெல்லாம் வேனில் நாங்கள் அடித்த கூத்து இருக்கிறதே, கப்பே ஜெயித்த மாதிரி.

பத்து நாள் கழித்து ஒரு காலை நேரத்தில் பையன் என் கடைக்கு வந்தான். வழக்கமாக வருகிறவன் இல்லை. பாயும் கண்டக்டரும் அப்போது கடையில்தான் இருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். சென்னையில் ஓர் ஆபீஸ் டீமுக்கு லெஃப்ட் பேக் தேடுகிறார்களாம். எடுத்தால் வேலையோடு சேர்த்து எடுப்பார்களாம். அந்தக் கோச் மன்னார்குடிக்கு வந்து இவன் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். பிடித்திருந்ததாம். ஆனால் எங்கள் கேப்டனுக்குப் போன் செய்து, பையனுக்கு முட்டி சரியில்லை என்று உங்கள் ஊர்க்காரர்களே சொல்கிறார்களே, பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டாராம். மாமா ஒருத்தர் கத்தாருக்கு ஏசி வேலைக்கு விசா பார்த்து வைத்திருக்கிறார், அதற்கே சரியென்று சொல்லிவிடப் போகிறேன், அந்தப் பக்கத்து நிலவரத்தைப் பாயிடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன் என்றான்.

எங்கள் மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. தொப்பியும் தோள்பையும் என் கண் முன்னால் வந்து நின்றன. மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார். கண்டக்டர் எழுந்து வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வேறு வழியில்லாமல் நானே எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். திட்டியது ஏன், டீக்கடையில் சொன்னது என்ன, எல்லாம்.

அவன் என் சட்டையைப் பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிடிக்கவில்லை.

“அப்ப நான் நல்லாத்தான் ஆடுனனாண்ணே?” என்று கேட்டான். “சீசன் பூரா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நீங்க மூணு பேரும்தான் வெவரம் தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன், நீங்களே திட்டுறீங்க. சரி, நமக்கு இது வராது போலன்னுதான் கத்தாருக்கே போயிரலாம்னு இருந்தேன்.”

ஊரான் கொண்டுபோய்விடுவான் என்று பயந்து பயந்து, அவனிடமிருந்தே அவனை ஒளித்து வைத்திருக்கிறோம். அத்தனை மேட்சிலும் அவன் எல்லைக்கோட்டோரமாக, எங்களுக்கு ரொம்பப் பக்கத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தான். கண்டக்டர் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் அவன் காதில் விழுந்திருக்கிறது. அவர் கண்ணடித்ததை மட்டும் அவன் பார்க்கவில்லை.

கேப்டனிடம் நம்பர் வாங்கி அங்கேயே அந்தக் கோச்சுக்குப் போன் போட்டோம். முதலில் பாய் பேசினார். தங்கமான பையன் சார், அல்லாவுக்குப் பொதுவாகச் சொல்கிறேன் என்றார். கோச், நல்ல பையன் என்பது சரி, நான் மாப்பிள்ளை பார்க்கவில்லையே என்றார். போனைக் கண்டக்டர் வாங்கினார். சூப்பரா ஆடுவான் சார் என்பதையே நாலு தரம், ஒவ்வொரு தரமும் இன்னும் சத்தமாகச் சொன்னார். போன் என் கைக்கு வந்தது.

“அன்னைக்கு முட்டி போச்சுன்னு சொன்னது யாருங்க?” என்று கேட்டார் கோச்.

“நான்தாங்க.”

“இன்னைக்கு மட்டும் உங்கள நான் எப்படி நம்புறது?”

நியாயமான கேள்வி. நம்பவேண்டாம் சார், நான் பார்த்ததைச் சொல்கிறேன், உங்கள் கண்ணில் பட்டதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். ஒருத்தன் பந்தோடு வந்தால் இவன் பாய்ந்து விழமாட்டான் சார். உள்பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்று, எல்லைக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் வழி விடுவான். வருகிறவன் வழி கிடைத்ததென்று அதில் ஓடுவான். எந்த மடையைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று வயல்காரனுக்குத் தெரிகிற மாதிரி இவனுக்குத் தெரியும். கோட்டோரம் போனதும் அவனுக்கு ஆடுவதற்கு இடமிருக்காது. அப்போதுதான் இவன் காலை நீட்டுவான். முன்னால் ஏறிப் போனால் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொடுக்கிற கிராஸைத் தூக்கிப் போடமாட்டான். எங்கள் ஃபார்வர்டு குள்ளம், அதனால் தரையோடு தள்ளுவான். நடுவில் பந்து பறிபோனால், யார் தப்பு என்று மற்றவர்கள் கையை விரித்துக்கொண்டு நிற்கும்போது இவன் பாதி மைதானம் திரும்பி வந்திருப்பான். மூன்றாவது மேட்சில் ரைட் விங்கர் பக்கம் மாறிக்கொண்டது, மழைத் தூறலில் நடந்த மேட்சில் கோல் கோட்டின் மேலிருந்து வலது காலால் எடுத்தது என்று எது எதுவோ வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரியும். பாய் இடையில் எடுத்துக் கொடுத்தார். எந்த மேட்சில் எத்தனையாவது நிமிஷம் என்று கண்டக்டர் சொன்னார். பையன் ஸ்டூலில் உட்கார்ந்தபடி வாயைக் கொஞ்சம் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

கோச் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. வியாழக்கிழமை வரச் சொல்லுங்கள், ஞாயிறு வரைக்கும் டிரையல் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சீசனின் கடைசி டோர்னமெண்டில் ஃபைனல். அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தார், பாய் என்னைப் பார்த்தார். நான் சரிங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

ஃபைனல் கடலோரத்து ஊர் ஒன்றில் நடந்தது. நல்ல கூட்டம். பையன் இடத்தில் காலேஜ் படிக்கிற ஒருவனை நிறுத்தியிருந்தார்கள். பாவம், அவன் மறுபக்கம் ரைட் ஹாஃப் ஆடுகிறவன். கால்மணி நேரத்தில் அந்தப் பக்கமாகவே புகுந்து முதல் கோலைப் போட்டார்கள். நாங்கள் வாடிப்போய் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது கோலும் அதே வழியாக வந்தது. அப்போது கண்டக்டர் எழுந்து நின்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிரணி ரசிகர்களைப் பார்த்து, அந்த இடத்தில் எங்கள் பையன் இருந்திருந்தால் உங்கள் விங்கர் இந்நேரம் மறுபக்கம் போய் நின்றிருப்பான் என்று ஆரம்பித்தார். எந்தப் பையன், நீங்கள் எப்போதும் திட்டுவீர்களே அவனா என்று ஒருத்தர் கேட்டார். அவ்வளவுதான், சீசன் முழுக்க அடைத்து வைத்திருந்தது மொத்தமும் கொட்டிவிட்டது. மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பேசினோம். மூன்றாவது கோலும் அந்தப் பக்கமாகவே விழுந்தபோது பாய் கை தட்டியே விட்டார். எங்கள் கேப்டன் மைதானத்துக்குள்ளிருந்து எங்களை முறைத்தான். பரிசளிப்பு முடிந்ததும் பாய் அந்தக் காலேஜ் பையனைக் கூட்டிப்போய் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

வேனில் ஏறும்போது சென்னையிலிருந்து பையனின் போன் வந்தது. எடுத்ததும் டிரையல் என்ன ஆனது என்று கேட்டேன். எடுத்துவிட்டார்கள், ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்கள் என்றான். வேனுக்குள் ஒரே கூச்சல், அவன் அடுத்து கேட்டது எனக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு மறுபடி சொல்லச் சொன்னேன்.

“ஃபைனல் என்னாச்சுண்ணே?”

“தோத்துட்டம்டா. மூணு கோலு.”

“எந்தப் பக்கமா வந்துச்சு?”

“மூணும் உன் பக்கமாத்தான்.”

“நெசமாவாண்ணே? மூணுமேவா?”

மூன்றும்தான் என்று வேனே சேர்ந்து சொன்னது. அந்தப் பக்கம் அவன் சிரிப்பது கேட்டது. எப்படி விழுந்தது, சொல்லுங்கள் என்றான். கண்டக்டர் போனை என் கையிலிருந்து பிடுங்கி முதல் கோலிலிருந்து ஆரம்பித்தார்.