ஆணையத்தில் ஒரு தாயாகே

அரசுப் பணி ஆணையம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனைக்கும் அது என்னை ஒன்றும் செய்ததில்லை. நான் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் ஜீப் ஓட்டுகிறவன். என்மேல் யாராவது புகார் எழுதினால்கூடப் படிக்க ஆளிருக்காது. ஆணையம் கை வைத்தது சைராகுல்மேல்.

சைராகுல் எங்கள் கால்நடை மருத்துவர். கோடையில் மந்தைகள் மலைக்கு ஏறினால் அவளும் ஏறுவாள். எவ்வளவு முரட்டுக் கிடாவாக இருந்தாலும் இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்து ஊசியைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்வாள். ஒருமுறை ஒரு மேய்ப்பன், "ஆம்பள டாக்டர் யாரும் வரலியா?" என்று நக்கலாகக் கேட்டான். "இருக்காரு. ஆட்டப் பாத்தா அவருக்குக் கொஞ்சம் பயம். நீ கையப் புடிச்சிக்கிறேன்னா கூட்டியாறேன்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவன் கூடாரத்துக்குள் போய்விட்டான். அவள் கணவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டான். மகளை இவள் ஒற்றை ஆளாகத்தான் வளர்த்தாள். யாராவது உச்சுக்கொட்டினால், "சோறு வடிக்க ஒரு ஆளு கொறஞ்சுது, விடுங்க" என்பாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மாவட்டத் தலைமை மருத்துவர் பதவி. அந்த வேலையை வருடக்கணக்காக அவள்தான் பார்த்தாள், ஆனால் பெயருக்கு முன்னால் 'பொறுப்பு' என்ற ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை முழுசு, அதிகாரம் பூஜ்யம். ஒரு வசந்தத்தில் கோமாரி பரவியபோது கால்நடைச் சந்தையை மூடச் சொல்லி அவளால் உத்தரவு போட முடியவில்லை. தலைநகரிலிருந்து கையெழுத்து வரும் வரை சந்தை நடந்தது, நோய் எல்லாப் பட்டிக்கும் போனது. குட்டிகள் வரிசையாகச் செத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறியவள், "இந்தப் பொறுப்புங்கற வார்த்தைய எம் பேர்லருந்து பிச்சு எறியாம விடமாட்டேன், துருஸ் அண்ணே" என்றாள்.

எறிய ஆணையம் மனசு வைக்க வேண்டும். எங்கள் நாட்டில் அரசு வேலையில் ஒருவரை ஏற்றுவது, இறக்குவது, மாற்றுவது எல்லாவற்றுக்கும் விதி வைத்திருப்பதும் அந்த விதியைக் காப்பதும் அவர்கள்தான். நல்ல காரியம், நான் இல்லை என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் யார் வீட்டில் அதிகம் ஆடு வெட்டினார்களோ அவர்கள் பிள்ளைக்குத்தான் வேலை. ஆணையம் வந்தபிறகு தேர்வு வந்தது. சைராகுல் எழுதினாள், முதலாவதாக வந்தாள். நியமன உத்தரவு வரவேண்டியதுதான் பாக்கி.

வந்தது உத்தரவு இல்லை, விசாரணைக்கு அழைப்பு.

தேர்வில் இரண்டாவதாக வந்த எர்னிஸ் என்ற பையன் மனுப் போட்டிருந்தான். அலுவலகத் தலைவர் மெதெர்பெக் சைராகுலுக்குத் தாயாகே ஆகிறார், ஆகவே அவருக்குக் கீழே அவளை நியமிப்பது விதிக்குப் புறம்பு என்று. எங்கள் பேச்சில் தாயாகே என்றால் தாய்மாமன். அக்காள் தங்கை பெற்ற பிள்ளை ஜியேன். தாய்மாமன் வீட்டில் ஜியேனுக்கு இல்லாத உரிமை கிடையாது. நல்ல குதிரையைப் பார்த்து ஆசைப்பட்டால் அவிழ்த்துக்கொண்டு போகலாம், மாமன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். இப்படிப்பட்ட உறவு அலுவலகத்தில் மேலும் கீழுமாக உட்காரக் கூடாது என்று ஆணையம் சொன்னால் அதில் அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் மெதெர்பெக் அவளுடைய அம்மாவோடு பிறந்தவர் இல்லையே! அவளுடைய அம்மா புருல் சின்ன வயதிலேயே அப்பா அம்மாவைப் பறிகொடுத்தவள். மெதெர்பெக்கின் அம்மா அவளைத் தூக்கிவந்து தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தாள். அந்தக் காலத்தில் அதற்கெல்லாம் யார் போய்ப் பதிவு செய்தார்கள்? கடைக்குட்டி மெதெர்பெக்கை முதுகில் சுமந்து வளர்த்தவளே புருல்தான். அவளைக் கட்டிக்கொடுத்ததும் அந்த வீடு, அவள் செத்தபோது பிறந்த வீட்டாராக வந்து அழுததும் அந்த வீடு. அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் சைராகுல் அவரைத் தாயாகே என்றுதான் கூப்பிடுவாள். அது எர்னிஸின் காதில் விழுந்துவிட்டது.

விசாரணை மாகாணத் தலைநகரில். வழியெல்லாம் நான் அவளுக்குப் பாடம் நடத்தினேன்.

"இந்தா பாரு சைரா, காகிதத்துல ஒண்ணும் கெடையாது. அவரு எங்க அம்மா கூடப் பொறந்தவரு இல்ல, சொந்தமில்லன்னு ஒரே வார்த்த. சொல்லிட்டு எந்திரிச்சு வந்துரு."

"சொல்லிருவேன் அண்ணே."

"எங்க, சொல்லு பாப்போம்."

"அவரு எனக்குச் சொந்தமில்ல." கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நல்லா சத்தமா!"

"சொல்லிருவேன்னு சொல்றேன்ல! ஜீப்ப ஓட்டுங்க."

அறைக்கு வெளியே எங்களுக்கு முன்னாலேயே வந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். காதிராலிக் கிழவர். மெதெர்பெக்கின் மூத்த அண்ணன். வெள்ளைக் கம்பளித் தொப்பி, பதக்கம் குத்திய கோட்டு, மடியில் ஒரு பை நிறைய எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரம், போர்சோக்.

"ஒங்கள யாரு பெரியவரே வரச் சொன்னது?" என்றேன்.

"யாரு சொல்லணும்? எங்க ஜியேன அதிகாரிங்க கூப்பிட்டு விசாரிக்கிறாங்களாம், நான் வீட்ல படுத்துக் கெடப்பனா? அவளுக்கு ஆளில்லன்னு நெனச்சிட்டானுங்களா?"

"ஐயோ, உங்க புண்ணியத்துல அவளுக்கு ஆளில்லாம இருந்தாத்தான் நல்லது!"

"என்னடா ஒளர்ற நீ?" என்று சொல்லிவிட்டு நேரே உள்ளே போய்விட்டார்.

நாங்களும் பின்னாலேயே போனோம். மெதெர்பெக்கும் எர்னிஸும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவி, மலைக் கணவாயைக் கடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கிழவர் போர்சோக் பையை அவள்முன் கவிழ்த்தார்.

"ஐயா, நாங்க பரிசு எதுவும் வாங்கக் கூடாது. தயவுசெஞ்சு எடுங்க."

"பரிசா? போர்சோக் தாயி இது! எங்க வீட்டு மருமக சுட்டது. சாப்புடு."

தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை ஓரமாக நகர்த்தினாள். கெட்ட பெண்மணி இல்லை, சொல்லப்போனால் சைராகுலுக்கு வழிவிடத்தான் பார்த்தாள். விதியைப் படித்தாள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், பெற்றோரோடு பிறந்தவர்கள், வளர்ப்பால் வந்த இதே உறவுகள். இவர்களில் ஒருவர் இன்னொருவருக்குக் கீழே வேலை செய்யக் கூடாது. பிறகு, "பதிவுல உறவுன்னு எதுவும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் இல்லன்னு சொன்னா மனுவத் தள்ளிடுவேன்" என்றாள். இதைவிட ஒரு அதிகாரி எப்படிச் சொல்ல முடியும்?

மெதெர்பெக் எழுந்தார். கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எந்த உறவும் இல்லீங்க. ஒரே ஊர்க்காரங்க, அவ்வளவுதான். வயசுல பெரியவன்னு மரியாதைக்குக் கூப்பிடுவாங்க."

கிழவர் தம்பியை வாய் பிளந்து பார்த்தார். கைத்தடி தரையில் விழுந்தது.

"அடப்பாவி! ஒன்ன முதுகுல கட்டிக்கிட்டுத் தண்ணி தூக்குனவடா புருல்! நீ மூத்திரம் பேஞ்சது இன்னும் அவ ரவிக்கையில காஞ்சிருக்கும்டா! எந்த உறவும் இல்லியா? எங்க அம்மா அவளத் தெருவுல கெடந்த நாய்க்குட்டின்னா தூக்கியாந்தா?"

"அண்ணே, ஒக்காருண்ணே" என்று மெதெர்பெக் பல்லுக்குள் சொன்னார்.

"ஒக்காரமாட்டேன்! தாயி, நீ எழுதிக்க. இவ எங்க ஜியேன். இவன் இவளுக்குத் தாயாகே. எங்க அப்பன் ஆத்தா மேல சத்தியம்!"

எர்னிஸ் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பயலுக்கே சங்கடமாகிவிட்டது. தலைவி பேனாவைக் கீழே வைத்தாள், சைராகுலைப் பார்த்தாள்.

"பெரியவர் சொல்றது ஒண்ணு, உங்க தலைவர் சொல்றது ஒண்ணு. நான் உங்க வார்த்தையத்தான் எடுத்துக்கணும். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

சொல்லித் தொலையேன் என்று நான் கதவருகே நின்று கையைப் பிசைந்தேன். வழியெல்லாம் சொன்னாளே! சைராகுல் கிழவரைப் பார்த்தாள். அவள் குனிந்து கைத்தடியை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"பெரியவர் சொல்றது உண்மை" என்றாள்.

அவ்வளவுதான். நிரந்தரமாகாத பதவி எதுவோ அதுதான் காலியாகும் என்பது விதி, அவளுடையதோ வெறும் பொறுப்புப் பதவி. இத்தனைக்கும் மெதெர்பெக் எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்ததே அவளுக்கு எவ்வளவோ பின்னால்! அதையும் நான் கதவருகிலிருந்து கத்திச் சொன்னேன், என்னை வெளியே அனுப்பினார்கள். பொய் சொன்னதற்கு மெதெர்பெக்குக்கு ஒரு கண்டிப்பு, நாற்காலி தப்பியது. பதவி எர்னிஸுக்கு. சைராகுல் விரும்பினால் வேறு மாவட்டத்தில் உதவி மருத்துவர் இடத்துக்கு முதலிலிருந்து தேர்வு எழுதலாமாம். பிச்சு எறிய நினைத்த அந்த ஒரு சொல்லோடு சேர்த்து எல்லாமே போனது.

திரும்பும்போது கிழவரும் எங்கள் ஜீப்பிலேயே ஏறிக்கொண்டார். மெதெர்பெக்கின் காரில் ஏறமாட்டேன் என்று துப்பிவிட்டு வந்தார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் பள்ளம் மேடு எதையும் பார்க்காமல் ஓட்டினேன். ஆற்றைத் தாண்டியபிறகு கிழவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"வேல போயிருச்சாம்மா?"

"போயிருச்சு, தாயாகே."

"நான் அப்படிச் சொன்னதாலயா?"

அவள் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன், "பின்ன என்ன, போர்சோக் கொண்டுபோனதாலயா?"

கிழவர் தாடியை உருவினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "ஏம்மா, அந்தப் பய சொன்னமாதிரி நீயும் சொந்தமில்லன்னு சொல்லித் தொலச்சிருக்கலாமே. கெழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா நான் என்ன செத்தா போயிருப்பேன்? ஒரு வார்த்ததானே?"

சைராகுல் முன்சீட்டிலிருந்து திரும்பினாள்.

"சொல்லியிருந்தா, அடுத்த மாசம் எம் மவ கல்யாணத்துக்கு எங்க அம்மா பொறந்த வீடுன்னு நீங்க வந்து ஒக்காருவீங்களா?"

கிழவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"அதெப்படிம்மா வரமுடியும்?" என்றார். "சொந்தமில்லன்னு நீயே சொன்னப்புறம்?"