ஓட்டைக் கவரும் மோர்ப் போசியும்

2007 ஆடி மாதம். ஞாயிறு காலை ஆறரைக்குத் திருப்பூரில் உடுமலைப்பேட்டை பஸ் ஏறினேன். முந்தின வருஷச் சிக்குன்குனியா எங்கள் லைன் வீடுகளில் ஒருவரையும் விடவில்லை. என் மகள் சுவரைப் பிடித்து நடந்ததை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. புழங்கும் தண்ணீர்த் தொட்டியில் மறுபடி கொசுப்புழு. அதைத் தின்னும் மீன் பிடிக்கத்தான் இந்தப் பயணம். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று மனைவி வழியனுப்பினாள்.

பல்லடம் தாண்டினால் காற்றாலைகள், உடுமலையை நெருங்கத் தென்னை. முன்பு என்னோடு பனியன் கம்பெனியில் இருந்த பழனிச்சாமி, இப்போது தோப்புக்காரர், வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். நீர்மட்டத்தை ஒட்டியே விரல் நீள மீன்கள், தலையில் வெள்ளிப் பொட்டோடு. கில்லி மீன் என்று அழகுமீன் வளர்க்கிறவர்கள் சொல்வார்கள்.

"ஏனுங்க, இதுக்கா அறுபது கிலோமீட்டர் வந்தீங்க?"

"புள்ளைக்காகத்தான்."

"அப்பப் புடிங்க. மூடி வெக்கோணும், குதிச்சுருமுங்க."

துண்டால் பத்துப் பன்னிரண்டைப் பிடித்து, சட்டை பேக் செய்யும் கம்பெனிக் கவரில் விட்டு, ரப்பர் போட்டு இறுக்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் குடிமங்கலம் தாண்டியபோது வேட்டி நனைந்திருந்தது.

"ஒழுகுதுங்க பாருங்க" என்றார் பக்கத்து சீட் அம்மா.

மடிந்து ஒட்டியிருந்த கவரின் அடி பிரிந்திருந்தது; அங்கே இரண்டு ஓட்டைகள். வெளிநாட்டில் எந்தக் குழந்தையாவது தலையில் மாட்டி மூச்சு முட்டிவிடக் கூடாதென்று, சட்டை வாங்கும் பையர் போடச் சொல்வது. எட்டு வருஷமாகப் பேக்கிங்கில் இருக்கிறேன். ஓட்டையில்லாத கவரை ரிஜெக்ட் செய்து தள்ளுவதே நான்தான். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. விரலால் அடைத்தும் தண்ணீர் நிற்கவில்லை. மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து துடித்தன.

எதற்கு மீன் என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன். தன் மகளுக்குக் கொண்டுபோன தூக்குப்போசியைத் திறந்து, பாதி மோரைக் குடித்துவிட்டு மீதியை நீட்டினார்.

"குடிச்சுப்போட்டு மீனை உள்ள உடுங்க. மோரு நாளைக்கும் கடையலாம்."

நான் குடித்து முடித்ததும், தன் பாட்டில் தண்ணீரில் போசியை அலசி, மிச்சத் தண்ணீரையும் ஊற்றி, மீன்களை விட்டதும் மூடியும் போட்டுத் தந்தார். பல்லடத்தில் இறங்கும்போது போசியைத் திருப்பி வாங்கவில்லை.

"வெச்சுக்கோங்க. புள்ளை நல்லாருக்கட்டும்."

இரண்டு மீன் செத்தன. மற்றவை வீட்டுத் தொட்டியில் இறங்கிய வேகத்தில் புழுவைக் கவ்வின. தொட்டியைப் பழைய கொசுவலையால் மூடினேன். மகள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

திங்கட்கிழமை பேக்கிங் மேசையில் கவரை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்த்தேன். யார் பெற்ற பிள்ளைக்கோ நான் பார்க்கிறேன். நான் பெற்றதற்கு, பெயர்கூடக் கேட்காத ஓர் அம்மா மோரைக் குடித்துப் போசியைக் காலி செய்தார்.