நாலாம் மாடிக்கு ஏறி வந்த பொலிஸ்

எங்கள் கட்டடத்தில் துப்பாக்கிகள் இருந்த வீடு இரண்டாம் மாடியில். பொலிஸ் ஏறி வந்தது நாலாம் மாடிக்கு. இதை யாருக்குச் சொன்னாலும் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. மெல்லச் சொல்லு என்பார் கணவர். இதை மெல்லச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

நாலாம் மாடியில் இருப்பவர்கள் நானும் கணவரும் என் தம்பியும். இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகிற ஒரு பழைய கட்டடம். கணவருக்கு உணவகச் சமையலறையில் வேலை. நான் இரண்டு சிஞ்ஞோராக்களின், இத்தாலிய அம்மாமாரின், வீடுகளில் சமைத்துத் துப்புரவு செய்கிறேன். தம்பிக்கு மனநோய். அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்ட காலம் போய்விட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் அவனும் உணவகத்தில் கோப்பை கழுவப் போனவன்தான். நல்ல வேலைக்காரன் என்று முதலாளி பிடித்து வைத்திருந்தார். ஒருநாள் கழுவுகிற தொட்டிக்குள்ளிருந்து ஆரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சொன்னான். பிறகு பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாரும் தன்னைப் பற்றியே கதைப்பதாகச் சொன்னான். கடைசியில் வீட்டைவிட்டு இறங்கவே மாட்டேன் என்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குந்திக்கொண்டான்.

இப்போது மாதம் ஒருமுறை மனநல நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். குரல்கள் முழுதாகப் போகவில்லை, ஆனால் தூரப் போய்விட்டன என்கிறான். காலையில் பாண் வாங்கி வருவான். எனக்கு உள்ளி உரித்துத் தருவான். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமேலிருக்கிற குகைக்கோயிலுக்கு நடந்தே ஏறிப்போய் வருவான். இத்தனை வருடத்தில் அவன் ஒருவரையும் கைநீட்டி அடித்ததில்லை. அவனைத்தான் பஸ் நிலையத்தில் இரண்டு பொடியள் சிரித்துக்கொண்டே அடித்தார்கள், தனியே கதைத்துக்கொண்டு நின்றான் என்பதற்காக.

இரண்டாம் மாடிக்காரர் ஓய்வு பெற்றவர். அகன்ற தோள், நன்றாகத் தேய்த்த சட்டை, எவரைக் கண்டாலும் வணக்கம். லிஃப்ட் நின்ற நாட்களில் என் பைகளைத் தூக்கி வந்து தந்திருக்கிறார். அவருக்கு வேட்டையில் பிரியம். சீசன் வந்தால் விடியவே பச்சை உடுப்போடு இறங்குவார். ஒருமுறை தோலுரித்த முயலொன்றை எங்களுக்கும் கொண்டுவந்து தந்தார். வீட்டில் இரும்பு அலுமாரியில் மூன்று துப்பாக்கிகள். எல்லாவற்றுக்கும் அனுமதிப்பத்திரம். அதை அவரே பெருமையோடு சொல்லுவார்.

ஆனால் கட்டடத்தின் நடுவில், உடுப்புக் காயப்போடுகிற அந்தக் கிணறு மாதிரியான வெளிக்கு எல்லா வீட்டுக் குசினி ஜன்னல்களும் திறக்கின்றன. வணக்கம் சொல்லும் அதே குரல் அதற்குள்ளால் வேறு மாதிரி ஏறிவரும். மனைவியைச் சொல்லக்கூடாத வார்த்தைகளால் ஏசும். "உன்னைக் கொன்றுவிட்டு நானும் சாவேன்" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். முதல் மாடியும் கேட்டது. மூன்றாம் மாடியும் கேட்டது. அடுத்த நாள் படியில் கண்டால் அந்தப் பெண் சிரிக்கப் பார்ப்பாள். "அவர் கொஞ்சம் நெர்வோசோ" என்பாள். படபடப்புக்காரர். அவ்வளவுதான். கட்டடம் முழுக்க அவருக்கு அந்தச் சொல்தான். என் தம்பிக்கு வேறு சொல். பாட்சோ. பைத்தியம்.

பொலிஸ் ஏறி வந்த அந்த வருடம் தூரத்து ஊரொன்றில் ஒருவன் சந்தைக்குள் போய்க் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டான். தொலைக்காட்சி நாள் முழுக்க அதையே காட்டியது. சுட்டவனைப் பற்றி ஒரு விபரமும் தெரியாத நேரத்திலேயே மனநோயாளி என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தொலைக்காட்சியில் வட்டமாக இருந்து கதைத்தவர்களும் அதையே சொன்னார்கள். தம்பி சோறு தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, என்னைப் போல ஆக்களையே சொல்லினம்?"

"உன்னை இல்லையடா. நீ சாப்பிடு."

"இல்லை. என்னைத்தான் சொல்லினம்," என்றான். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினான்.

அவனுடைய நோய் அப்படிச் சொல்ல வைக்கிறது என்று நினைத்தேன். நோயல்ல. உண்மையாகவே அவனைத்தான் சொன்னார்கள். அடுத்த நாள் பாண் கடையில் வரிசையில் நின்ற ஒரு பெண் அவனைக் கண்டதும் தன் பிள்ளையை இழுத்து மறுபக்கம் விட்டாளாம். சில நாளுக்குப் பிறகு செய்தி கொஞ்சம் மாறியது. சுட்டவனுக்கு எந்த வைத்தியமும் நடந்ததில்லை. மனைவி விட்டுப் போயிருக்கிறாள். பழிவாங்குவேன் என்று பலபேரிடம் சொல்லித் திரிந்திருக்கிறான். துப்பாக்கி சட்டப்படி வாங்கியது. ஆனால் அதைச் சொன்ன நேரம் காலநிலைச் செய்திக்கு முந்திய இரண்டு நிமிடம். அதை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த மாதமே கட்டடக் கூட்டம் வந்தது. கீழ் வாசலில் கதிரைகள் போட்டு, லிஃப்டைப் பற்றியும் கூரைத் தண்ணீர்த்தொட்டியைப் பற்றியும் கதைத்து முடிந்த பிறகு, இரண்டாம் மாடிக்காரர் எழுந்தார். மிகவும் மரியாதையாகத்தான் கதைத்தார்.

"சிஞ்ஞோரா, உங்கள் குடும்பத்தின்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்கள் தம்பி... நாட்டில் நடப்பதைப் பார்க்கிறோம். இந்தக் கட்டடத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள். அவரை எங்கேயாவது ஓர் இடத்தில் வைத்துப் பராமரிக்கலாமே?"

"அவன் என்ன செய்தான்?" என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் ஒன்றும் செய்யவில்லை," என்றார்.

எனக்கு இத்தாலியமொழி வேலைக்குப் போதுமானது. சண்டைக்குப் போதாது. என்றாலும் எழுந்து நின்றேன். "என் வீட்டில் காய்கறி வெட்டுகிற கத்தியைத் தவிர ஒன்றும் இல்லை. வந்து பாருங்கள். இந்தக் கட்டடத்தில் துப்பாக்கி வைத்திருப்பது யார்? கொல்லுவேன் என்று ஜன்னலுக்குள்ளால் கத்துவது யார்? அதைப் பற்றி ஏன் ஒருவரும் கதைக்கவில்லை?"

கூட்டத்தை நடத்துகிறவர் தொண்டையைச் செருமி, சட்டப்படி உள்ள ஆயுதம் கூட்டத்துக்குரிய விஷயமல்ல என்றார். சட்டப்படி உள்ள நோயாளி மட்டும் கூட்டத்துக்குரிய விஷயமோ என்று கேட்க எனக்கு வார்த்தை வந்தது படியேறிய பிறகுதான்.

பிறகு வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. மதியம். கணவர் வேலையில். நான் மீன் குழம்பை இறக்கிவைத்துக்கொண்டிருந்தேன். கீழே அந்தக் குரல் தொடங்கியது. வழக்கம்போல ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். ஓயவில்லை. கதவு அடிபட்டது. ஏதோ உடைந்தது. பிறகு வெடிச்சத்தம். ஒன்றே ஒன்று. போருக்குள் வளர்ந்தவளுக்கு அது வேறெந்தச் சத்தமும் இல்லை என்று தெரியும். அடுப்பை நிறுத்துவதற்குள் எங்கள் கதவை ஆரோ உள்ளங்கையால் அறைந்தார்கள். நான் ஓடி வருவதற்கு முன் தம்பி திறந்துவிட்டான். இரண்டாம் மாடிப் பெண் செருப்பில்லாமல் உள்ளே விழுந்தாள்.

அவள் ஏன் கீழே ஓடாமல் மேலே ஓடிவந்தாள் என்று பிறகு கேட்டிருக்கிறேன். தெருவில் இறங்கினால் பால்கனியிலிருந்து தன் முதுகு தெரியும் என்றாள். மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினாளாம். உள்ளே ஆள் நடக்கும் சத்தம் கேட்டதாம். திறக்கவில்லையாம். எங்களுடைய கதவு திறந்தது.

நாங்கள் கதவைப் பூட்டி, சாமான் அலுமாரியை இழுத்து அதற்கு முட்டுக் கொடுத்தோம். அவள் குசினி நிலத்தில் இருந்து நடந்ததைச் சொன்னாள். பக்கத்து ஊரான பகேரியாவில் இருக்கிற அக்காவிடம் போகலாமென்று உடுப்புகளைப் பையில் வைத்ததை அவர் கண்டுவிட்டார். துப்பாக்கியை எடுத்துக் கதவு நிலைக்குச் சுட்டிருக்கிறார். அடுத்தது உனக்கு என்றிருக்கிறார்.

தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றான்.

"அக்கா, அந்தச் சத்தம் என்ரை தலைக்குள்ளையோ, வெளியிலையோ?"

"வெளியிலைதானடா. எனக்கும் கேட்டது."

"உண்மையாவோ?"

"ஓம். உண்மையா."

"அப்ப சரி," என்றான். கையை எடுத்தான். அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. 'பொலிஸ்' என்று வெளியில் கத்தியதும் எனக்கு மூச்சு வந்தது. அலுமாரியைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். மூன்று பேர். என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தார்கள். "எங்கே அவன்? கையைக் காட்டச் சொல்!" நான் விளங்கிக்கொள்வதற்குள் தம்பி நிலத்தில் கிடந்தான். முகம் தரையோடு. முதுகில் ஒருவருடைய முழங்கால். ஊற்றிய தண்ணீர்க் கிளாஸ் அவனுக்குப் பக்கத்தில் உருண்டது.

"அவனில்லை!" அந்தப் பெண் கத்தினாள். அதற்கு முன்பு அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "அவனில்லை! இரண்டாம் மாடி! என் கணவன்! துப்பாக்கி அங்கே இருக்கிறது!"

நடந்தது இதுதான். வெடிச்சத்தம் கேட்டதும் முதல் மாடியிலிருந்து ஒருவர் பொலிஸுக்குப் போன் அடித்து, கட்டடத்தில் ஒரு பைத்தியக்காரன் இருக்கிறான், நாலாம் மாடி என்று சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் இரண்டாம் மாடியைக் கடக்கும்போது அந்தப் பெரிய மனுசர் கதவைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறார், தேய்த்த சட்டையோடு. மேலே, மேலே என்று கைகாட்டியிருக்கிறார். அதைப் பிறகு எனக்குச் சொன்னவர், தம்பியின் முதுகிலிருந்து முழங்காலை எடுத்த அதே இளம் பொலிஸ்காரர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியைத் தூக்கி இருத்தி, மன்னித்துக்கொள் என்றார். அதையாவது அவர் சொன்னார். கட்டடத்தில் வேறு ஒருவரும் சொல்லவில்லை.

அந்த ஆளைக் கூட்டிப்போனார்கள். துப்பாக்கிகளையும் கொண்டுபோனார்கள். இரண்டு நாளில், வழக்கு முடியும்வரை என்று ஆளை மட்டும் வீட்டுக்கு விட்டார்கள். நாலைந்து நாளில் பாண் கடையில் கதை இப்படி ஆகியிருந்தது: பாவம், நல்ல மனுசன், குடும்பப் பிரச்சினை, ஒரு நிமிடம் நரம்பு பிசகிவிட்டது. என் தம்பியோ அன்றைக்குப் பிறகு உறங்கவில்லை. குரல்கள் கிட்ட வந்துவிட்டன. கதவடியில் உடுப்புகளை அடைத்தான். கடைசியில் ஆஸ்பத்திரியில் விடவேண்டி வந்தது. சுட்டவர் வீட்டிலும் சுடாதவன் வார்டிலும் இருந்த அந்த வாரங்களை நான் எப்படிச் சகித்தேன் என்று எனக்கே தெரியாது.

வார்டில் தம்பியைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் ஒருநாள் வெடித்துவிட்டேன். "இவனைப் போன்றவர்கள்தான் சுடுகிறார்கள் என்று உலகம் சொல்லுதே, நீங்கள் ஏன் எழும்பிச் சொல்லவில்லை?" அவர் கோபப்படவில்லை. "சொல்கிறோம், சிஞ்ஞோரா. சிலவேளை நோயுள்ள ஒருவரும் வன்முறை செய்வார், இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் தம்பியைப் போன்றவர்கள் அடிக்கிறதைவிட அடிவாங்குகிறதுதான் அதிகம். அதைக் கேட்க ஆட்களுக்குப் பொறுமையில்லை. பைத்தியம் என்று சொல்லிவிட்டால் மற்றதையெல்லாம் யோசிக்கத் தேவையில்லையே."

மற்றதையெல்லாம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது பகேரியாவில். இரண்டாம் மாடிப் பெண் இப்போது அங்கே அக்காவுடன் இருக்கிறாள். வேலையில்லாத நாளொன்றில் ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். துப்பாக்கி அனுமதி எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். இந்த நாட்டில் அது லேசில்லை என்றாள். வீட்டு வைத்தியரிடம் ஒரு சான்று, அரசாங்க வைத்தியரிடம் ஒரு சான்று, சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும். மனநோய் உண்டா, மருந்து எடுக்கிறாரா, குடிப்பாரா என்றெல்லாம் கேட்பார்களாம்.

"அவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். உண்மையும் அதுதான்," என்றாள். "என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை."

நோயைப் பற்றிக் கேட்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தம்பியின் கையில் துப்பாக்கி கொடுக்கக்கூடாது. முதலில் அப்படிச் சொல்லுகிறவன் அவனாகவே இருப்பான். ஆனால் கொல்லுவேன் என்று வருடக்கணக்காகக் கத்துகிறவனுடைய வீட்டில் கூட இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர்களிடம் கேட்காமல், இரத்த அழுத்தத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என்ன பாதுகாப்பு? நான் வளர்ந்த இடத்தில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் தலைக்குள் குரல் கேட்கவில்லை. கட்டளை கேட்டது. நேரத்துக்குச் சாப்பிட்டார்கள், வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள், நன்றாக உறங்கினார்கள். வெறுப்புக்கும் ஆணவத்துக்கும் தன் சொத்து என்று நினைத்த பெண் தன்னை விட்டுப் போகிறாளே என்ற ஆத்திரத்துக்கும் ஊசி கிடையாது. அதனால் அவற்றை நோயாளிகளின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

போன இளவேனிலில் இரண்டாம் மாடிக்காரர் ஒரு வழக்கறிஞரைப் பிடித்துத் துப்பாக்கிகளைத் திருப்பிக் கேட்டார். தனக்கு மனநோய் எதுவும் இல்லை என்று புதுச் சான்றும் எடுத்திருந்தார். அந்தச் சான்று பொய்யென்று நான் நினைக்கவில்லை. அவருக்கு நோயில்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன். அவருடைய மனைவி அதற்கு எதிராக வாக்குமூலம் கொடுக்கப் போனபோது என்னையும் கூட வரச் சொன்னாள். "எங்களுக்கு ஏன் இந்த வம்பு? நாளைக்கு எங்கள் வதிவிட பெர்மெஸ்ஸோவுக்கு ஏதும் வந்தால்?" என்றார் என் கணவர். "அண்டைக்குக் கதவு திறந்தது எங்கடை வீடு. நான் போறன்," என்றேன். பிறகு அவரும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

ஆயுத அனுமதி அலுவலகத்தில் ஒரு அதிகாரி நான் சொன்னதை எல்லாம் பொறுமையாக எழுதினார். ஜன்னலுக்குள்ளால் கேட்ட வார்த்தைகளைச் சொல்லச் சொன்னார். சொன்னேன், ஒன்றும் விடாமல், சொல்லக் கூசியவற்றையும். அவர் கேட்ட துப்பாக்கிகள் திரும்பக் கொடுக்கப்படவில்லை. மேல்முறையீடு செய்திருக்கிறார் என்று அறிகிறேன். முடிவு இன்னும் வரவில்லை.

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். கொஞ்சம் மெலிந்திருக்கிறான். மலைக்கு இன்னும் தனியே போவதில்லை, நான் கூடப் போகிறேன். இரண்டாம் மாடிக்காரர் அதே வீட்டில்தான் இருக்கிறார். கட்டடத்தில் எல்லாரும் அவருக்கு வணக்கம் சொல்கிறார்கள். என் பைகளைத் தூக்கிவர ஒருநாள் கை நீட்டினார். பையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பதில் சொல்லாமல் அவரைக் கடந்து படியேறினேன்.