கழுத்தளவு எடுக்கும் நேரம்

அளவு நாடாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்த பிறகுதான் டெய்லரக்கா பேச்சை எடுப்பாள். "மேசை மேல ஒரு டப்பா இருக்கு பாருங்க. முடிஞ்சதப் போடுங்க. கட்டாயம் இல்ல." கட்டாயம் இல்லை என்று சொல்லும்போது நாடா ஒரு நூல் இறுகும். கழுத்து அடுத்தவர் கையில் இருக்கும்போது யார்தான் மறுப்பார்கள்? "இத விட நல்ல நேரம் வாய்க்காது" என்று பிறகு அவளே சிரித்துக்கொள்வாள்.

டப்பா எம்.எஸ். நோயாளிகளுக்காக. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று முழுப்பெயரைச் சொன்னால் வந்தவர் முழிப்பார். அவள் குனிந்து தையல் மெஷினின் வயரைத் தூக்கிக் காட்டுவாள். "இந்த ரப்பர் உறை இருக்குல்ல, நரம்புக்கும் இதே மாதிரி ஒண்ணு உண்டு. அது அங்கங்க உரிஞ்சிடுது. மூளை சொல்றது காலுக்குச் சரியாப் போய்ச் சேராது. தொத்து வியாதி இல்ல, பயப்படாதீங்க."

அவளுக்கு அந்த நோய் இல்லை. தங்கைக்கு இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இதே நோயோடு இன்னும் பத்துப் பேரைத் தேடிப் பிடித்து, நூலகத்தின் கீழறையில் மாதம் ஒரு சனிக்கிழமை தங்கையோடு உட்கார வைத்தவள் டெய்லரக்காதான். யாருக்கு வெயில் ஆகாது, யாருக்குச் சாயங்காலமானால் கண் மங்கும், யாருடைய களைப்பை வீட்டில் சோம்பேறித்தனம் என்று ஏசுகிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஏசுகிறவர்கள் வீட்டுக்கு நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டும் வருவாள். டப்பாவில் சேர்வது, அவர்களைப் பயிற்சி சிகிச்சைக்கு அழைத்துப்போகிற வேனுக்கு.

விரல் மரத்துப்போனவர்களுக்குச் சட்டையில் பட்டனை எடுத்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை வைத்துத் தருவாள். பட்டனை எறியமாட்டாள், பட்டைக்கு மேலே, பார்வைக்கு, பழையபடி தைத்துவிடுவாள். "சட்டைய எப்படி மாட்டுறாங்கன்னு தெருவுக்கு எதுக்குத் தெரியணும்?" என்பாள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவள்தான் அந்தத் தப்பையும் செய்தாள். தங்கை கைத்தடியோடு நிற்கும் படம் ஒன்றை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், டப்பாவில் ஒட்டிவிட்டாள். டப்பா மளமளவென்று நிறைந்தது. துணி தைக்க வந்த, தங்கையிடம் படிக்கும் ஒரு மாணவியின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட வாசலில் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதிருக்கிறாள். அன்றைக்கே தங்கை கடைக்கு வந்தாள். "ஒரு பட்டனுக்கு அவ்வளவு பாக்குற நீ, என் மூஞ்சிக்குப் பாக்கலியே அக்கா." கத்தவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைக்கும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

டெய்லரக்கா படத்தைச் சுரண்டி எடுத்தாள். வசூல் படுத்துவிட்டது. வாரம் இருமுறை வந்த வேன் ஒருமுறைதான் வந்தது. கூட்டத்தில் ஒருவர், "என் படத்த வேணா ஒட்டிக்கம்மா" என்று கூடச் சொன்னார். "வேண்டாம்ணா. மூஞ்சிய வச்சு வாங்கினது போதும்" என்றுவிட்டாள். ஆனால் அவளை அரித்தது வசூல் அல்ல. தெருவே அவளை அக்கா என்றது; கூப்பிட வேண்டியவள் மூன்று மாதமாகக் கூப்பிடவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் தங்கை வந்தாள். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, தடியைச் சுவரில் சாய்த்தாள். டெய்லரக்கா ஒரு புது வாடிக்கைக்காரிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்துக்கு வந்தபோதும் டப்பாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வாடிக்கைக்காரியே கேட்டாள்: "இது யாருக்குங்க வசூல் பண்றீங்க?"

"அது வந்து..." என்று இழுத்தாள் டெய்லரக்கா. வயரைத் தூக்கிக் காட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"எனக்குத்தாங்க" என்றாள் தங்கை. "எனக்கும் இன்னும் பத்துப் பேருக்கும். வேன் ஒண்ணு ஓடுது. என்ன ஏதுன்னு நான் சொல்றேன், இப்படி வந்து உக்காருங்க. அக்கா, அந்த ஸ்டூல எடுத்துப் போடு."

டெய்லரக்கா ஸ்டூலை எடுத்துப் போட்டாள். பிறகு மெஷினில் போய் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, வேகவேகமாகத் தைத்தாள். ஊசிக்கடியில் துணி இல்லை.