மான் தோட்டா

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் ஒரு மலையூரில் இருபத்தாறு வருடமாக வேட்டைச் சாமான் கடை நடத்தும் ஆர்லனிடம் ஒரு பெட்டி தோட்டா வாங்குவதும், சம்பந்தம் பேசி முடிப்பதும் ஒன்றுதான். எதைச் சுடப் போகிறாய், எவ்வளவு தூரத்தில் என்று குடைந்தெடுத்துவிடுவார். சாதாரண மானுக்கு லேசான தோட்டா போதும். பட்டதும் விரிந்து அங்கேயே வீழ்த்திவிடும். எல்க் மானோ குதிரை அளவு. அதன் தோள் எலும்பில் அதே தோட்டா பட்டால் சிதறிப்போகும், மிருகம் குற்றுயிராய் ஓடும். அதற்குக் கனமான, சிதறாத தோட்டா வேண்டும். இரண்டுக்கும் வேட்டை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவனுக்கு லேசானதை விற்கவே மாட்டார். எரிச்சலில் பலர் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மனைவியின் தம்பி ரோஸ்கோவிடம்தான் சறுக்கினார். வசந்தத்தில் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவன், கனமான தோட்டாவைச் சுடும்போது தோளில் விழும் உதையைத் தாங்க முடியவில்லை என்றான். எல்க் சீட்டும் அவன் பையில் இருப்பது ஆர்லனுக்குத் தெரியும். மானை மட்டும்தான் சுடுவேன் என்று சத்தியம் செய்தான். பாவமாக இருந்தது, கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஃபோன் வந்தது. பெரிய கொம்பன் எல்க் எதிரிலேயே வந்து நின்றதாம், ரோஸ்கோவுக்குக் கை சும்மா இருக்கவில்லையாம். தோளில் பட்டு விழுந்தது, எழுந்து புதருக்குள் போய்விட்டது என்றான். அவன் போயிருந்த மலைப் பள்ளத்தாக்கில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் கரடிகள் விலகி ஓடுவதில்லை. இரை கிடைக்கும் என்று தேடி வரும்.

“உள்ள போகாத. நான் வர்ற வரைக்கும் அங்கயே உக்காரு,” என்றார் ஆர்லன். கேட்கமாட்டான் என்றும் தெரியும்.

கனத் தோட்டா ஏற்றிய தன் துப்பாக்கியோடு அவர் மேலே போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. பனியில் ரத்தச் சொட்டுகள், அவற்றின் மேலேயே ரோஸ்கோவின் பூட்ஸ் தடம். ஓரிடத்தில் எலும்புத் துணுக்கோடு ஒரு செம்புச் சில்லு கிடந்தது. தான் விற்ற தோட்டாதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

புதருக்குள் ரோஸ்கோ ஆடாமல் நின்றிருந்தான். பத்தடி தள்ளி, புதிதாய்த் தோண்டிய மண்ணும் கிளைகளுமாக ஒரு குவியல். அதிலிருந்து கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. எல்க்கைக் கரடி புதைத்து வைத்துவிட்டது. புதைத்த கரடி தூரம் போகாது.

“மச்சான், இதுல இன்னும் மூணு தோட்டா இருக்கு,” என்று முணுமுணுத்தான் ரோஸ்கோ. “போதுமா?”

வலப்பக்கம் கிளை முறிந்தது. ஆர்லன் அவனைப் பின்னால் இழுத்துவிட்டு, முன்னால் வந்து நின்றார்.

“போதாதுடா. உனக்கு அத நான் குடுத்திருக்கவே கூடாது.”