பிரச்சினை முடிந்த ஞாயிறு

வீட்டுக் கதவைப் பூட்டினால் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பேன். படி இறங்கிய பிறகு மனம் கேட்காது. திரும்பி ஏறி இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் கீழே காருக்குள் இருந்து ஹோர்ன் அடிப்பார். அடித்தால் அடிக்கட்டும். எட்டு வயதில் பிடித்த பழக்கம் ஹோர்னுக்குப் பயந்து போய்விடுமா?

அந்த எட்டு வயதில், லண்டனில், டூட்டிங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கதவுச் சங்கிலிக்கு நான்தான் பொறுப்பு. சங்கிலியைப் போடுவதும் கழற்றுவதும் பெரிய வேலையில்லை. உண்மையான வேலை, பதினைந்து வயது அண்ணா அதில் கைவைத்தால் "அம்மா!" என்று கத்துவது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வரக்கூடாது என்பதைவிட, உள்ளே இருக்கிற அண்ணா வெளியே போகக்கூடாது என்பதுதான் அந்த வருசம் எங்கள் வீட்டுச் சட்டம். காரணம் பிரச்சினை.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் இலங்கையில், ஊரில் நடந்த யுத்தத்தை யுத்தம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ரீவியில் செய்தி வாசிக்கிறவர் சொல்வார். வீட்டில் அது பிரச்சினை. பிரச்சினைக்கு முதல் கட்டின வீடு, பிரச்சினையாலே படிப்பை விட்டவர், பிரச்சினை நேரம் பிறந்த பிள்ளை என்று அம்மாவும் அப்பாவும் நாட்களை அதை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். நானும் பிரச்சினை நேரம் பிறந்த பிள்ளைதான். கைக்குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கு வந்தார்கள்.

2009ஆம் ஆண்டு மாரியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகிற ஒடுக்கமான பாதையின் மற்ற முனையில் ஒரு பொடியனைக் குத்திப்போட்டார்கள். அந்தப் பாதைக்குக் கவுன்சில் பெயர் வைக்கவில்லை. அம்மா அதை ஒழுங்கை என்று சொல்லுவா. செத்த பொடியன் அண்ணாவின் பள்ளிக்கூடத்தில் அண்ணாவுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவனாம். லைட் கம்பத்தைச் சுற்றிப் பூக்களைக் கட்டினார்கள், காற்பந்துக்காரர் போடுகிற சேட் ஒன்றையும் கட்டினார்கள். மழையில் அந்தச் சேட் பாரமாகித் தொங்கும். அந்தப் பூக்கள் காய முதல் பஸ் தரிப்பில் இன்னொருவனுக்குக் குத்து. பிறகு அப்பா வேலைசெய்த பெற்றோல் நிலையத்துக்குள்ளேயே ஒருவன் வந்து கத்தியைக் காட்டினான். அப்பாவுக்கு ஷிப்ட் முடிந்து சட்டை மாற்றுகிற நேரம் அது. காட்டினவனுக்கு மீசைகூட முளைக்கவில்லையாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்து, "பிரச்சினை இஞ்சையும் வந்திட்டுது" என்றார்.

என் தலைக்குள் முடிச்சு விழுந்தது அந்த 'வந்திட்டுது'வில்தான். அது பன்றிக் காய்ச்சல் பரவிய வருசம். எங்கேயோ ஒரு நாட்டில் தொடங்கிய வருத்தம் பிளேனில் ஏறி எல்லா நாட்டுக்கும் போகிறது, ஆகையால் கையைக் கழுவுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொல்லித் தந்திருந்தா. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிரச்சினையும் அப்படித்தான். ஊரில் தொடங்கியிருக்கிறது. ஆட்களோடு சேர்ந்து பிளேனில் வந்து டூட்டிங்கில் இறங்கியிருக்கிறது. ஒருவேளை எங்களோடேயே வந்ததோ என்று நினைத்து, சில நாள் அளவுக்கு மிஞ்சிக் கை கழுவினேன்.

பெரியவர்களும் என் குழப்பத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். ரெயில் ஸ்ரேசன் வாசலில் பொலிஸ் கதவில்லாத இரும்பு நிலை ஒன்றை நட்டு, பொடியள் எல்லாரையும் அதுக்குள்ளாலே நடக்கவிட்டது. கத்தி இருந்தால் அது கூவும். அப்பா அதைக் கடக்கும்போது தன்பாட்டிலேயே கையைத் தூக்கினார். பொலிஸ்காரர் சிரித்துவிட்டு, நீங்கள் போகலாம் என்றார். "அங்கையும் இப்பிடித்தான்" என்று அப்பா அம்மாவிடம் மெல்லச் சொன்னார். வீட்டுக்கு வந்தால் ரீவியில் ஒரு தாய் மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு அழுவா. அது தமிழ்ச் செய்தியா ஆங்கிலச் செய்தியா என்று, சத்தம் குறைத்திருந்தால் எனக்குத் தெரியாது.

அண்ணாவை அமெரிக்காவில் இருந்த பெரியப்பாவிடம் அனுப்பலாம் என்றும் ஒரு யோசனை ஓடியது. பெரியப்பாவின் ஊர், படத்தில் பார்க்கிற மாதிரி மாடிமேல் மாடி வைத்த ஊரில்லை. சிறிதுமில்லாமல் பெரிதுமில்லாமல், ஒரு ஆறும் ஒரு பழைய தொழிற்சாலையும் உள்ள நகரமாம். அமைதியான இடம் என்று அதைப் பற்றி அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தா. அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"இஞ்சையோ?" பெரியப்பா சிரித்த சத்தம் கரகரவென்று வந்தது. "இஞ்சையும் பிரச்சினை கூடிப்போச்சடா. போன கிழமை என்ரை கடைக்கு முன்னாலை ஒருத்தனைச் சுட்டுப்போட்டாங்கள். உங்கை கத்திதானே? இஞ்சை துவக்கு. பொடியனை நீயே வைச்சிரு. வேணுமெண்டால் நாங்கள் அங்கை வாறம்."

அப்பா போனை வைத்தார். அமெரிக்காவுக்கும் போய்விட்டதா என்று நான் கேட்டேன். எது என்று அவர் கேட்கவில்லை. ஓம் என்றார்.

அம்மாவின் கவலை இரண்டு மடங்கு. அம்மாவுக்கு ஒரேயொரு தம்பி, என் மாமா. பிரச்சினை நடந்த வன்னிக்குள் இருந்தார். தை மாதத்துக்குப் பிறகு போன் இல்லை. "பாதை பூட்டியாச்சு. தம்பி அந்தப் பக்கம் நிக்கிறான்" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவா. இதில் இன்னொரு சிக்கல். எங்கள் தாய்மார் மகனையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு அண்ணாவும் தம்பி, மாமாவும் தம்பி. 'தம்பி சாப்பிட்டானோ தெரியேல்லை' என்று அம்மா குசினிக்குள் சமைத்துக்கொண்டு சொன்னால், அண்ணா மேலேயிருந்து "சாப்பிட்டிட்டன்!" என்று கத்துவான். அம்மா பதில் சொல்லமாட்டா. குரலை வைத்து எந்தத் தம்பி என்று கண்டுபிடிக்கவேண்டும். நான் பாதி நாள் பிழையாகத்தான் கண்டுபிடித்தேன்.

அண்ணாவுக்கோ பந்தடி. ஒழுங்கையின் மற்ற முனையில், அந்த லைட் கம்பத்தைத் தாண்டி ஒரு திடல் உண்டு. சனி, ஞாயிறுகளில் பந்து உதைபடுகிற சத்தம் எங்கள் குசினி யன்னல்வரை வரும்.

"அம்மா, ஒரு மணித்தியாலம். பிளீஸ்."

"ஏலாது."

"எல்லாரும் விளையாடுறாங்கள்."

"எல்லாரையும் நானோ பெத்தனான்? பிரச்சினை முடியட்டும். பிறகு போ. ஆர் மறிச்சது?"

ஒவ்வொரு கிழமையும் இதே பேச்சு, இதே முடிவு. பிரச்சினை முடியட்டும். நான் சங்கிலிக்குப் பக்கத்தில் படியில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு ஒப்பந்தம் மாதிரி எனக்கு அது மனப்பாடம்.

வைகாசி மாதத்து ஞாயிறு ஒன்று. வெளியே நல்ல வெயில். அப்பாவும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் முன் அறையில் ரீவிக்கு முன்னால். கிழமைக்கணக்காக மூன்று பேரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய், யுத்தத்தை நிறுத்துங்கள் என்று கத்தித் தொண்டை அடைத்துப்போனவர்கள். அம்மா குசினியில் பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தா. போன் அடித்தது. அப்பா எடுத்தார். மற்றப் பக்கத்தில் யாரோ நெடுநேரம் சொன்னார்கள். அப்பா ஓம், ஓம் என்றார். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாம் முடிஞ்சுதாம்."

கூட்டாளிகளில் ஒருவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மற்றவர் எழும்பி யன்னல் பக்கம் திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. அம்மா மா ஒட்டிய கையோடு வாசலில் வந்து நின்றா. அவ அழவில்லை.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிரச்சினை முடியவேண்டும் என்றுதானே கோயிலில் அர்ச்சனை செய்தார்கள்? விரதம் பிடித்தார்கள்? முடிந்தால் ஏன் அழுகிறார்கள்? பெரிய ஆட்களுக்குச் சந்தோசத்திலும் அழுகை வரும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. அதுதான் என்று முடிவெடுத்துக்கொண்டு மேலே ஓடினேன்.

"அண்ணா! பிரச்சினை முடிஞ்சுதாம்!"

கட்டிலில் படுத்திருந்த அண்ணா தலையை மட்டும் திருப்பினான். "ஆர் சொன்னது?"

"அப்பா. போனிலை சொன்னவையாம்."

அவன் "எந்தப் பிரச்சினை?" என்று கேட்டான்.

இதென்ன கேள்வி என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "பிரச்சினைதான்" என்றேன்.

கீழேயிருந்து ஒரு ஆம்பிளை விம்முகிற சத்தம் படிவழியே ஏறி வந்தது. அண்ணா எழும்பிச் சப்பாத்தைப் போட்டான். கறுப்புச் சேட்டை இழுத்துவிட்டான். இருவரும் படியிறங்கினோம். சங்கிலியை நானே கழற்றிக் கொடுத்தேன். கதவு முனக அண்ணா வெளியே போனான், முன் அறையில் ஒரு தலையும் திரும்பவில்லை.

நான் போய் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். அம்மா இப்போது சோபாவின் கைப்பிடியில் இருந்தா. கையில் மா காய்ந்து, விரலை அசைத்தால் உதிர்ந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தோம். தூரத்தில் சைரன் கேட்டது, கிட்ட வந்தது, நின்றது. இன்னொன்று வந்தது. எங்கள் தெருவில் சைரன் புதினமில்லை.

அம்மா யாரையும் பாராமல் கேட்டா. "தம்பி எங்கை?"

அப்பா ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"தம்பி எங்கையெண்டு கேளுங்கோவன். ஆரிட்டையாவது கேளுங்கோ. தம்பி எங்கை?"

மூன்று பெரிய மனிதர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவ்வளவு இலேசான கேள்விக்கு ஏன் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை என்று நினைத்து, நான் சொன்னேன்.

"பந்தடிக்கப் போயிட்டார், அம்மா. பிரச்சினை முடிஞ்சுதுதானே?"

அம்மா என்னைப் பார்த்தா. நான் சொன்னது உள்ளே போக ஒரு நொடி எடுத்தது. பிறகு அந்த நொடியே இல்லாத மாதிரி எழும்பி, செருப்பும் இல்லாமல் குசினிக்குள்ளாலே பின்கதவால் ஓடினா. நான் பின்னாலே ஓடினேன். அப்பா கூப்பிட்ட சத்தம் எங்களுக்குப் பின்னால் எங்கேயோ கேட்டது.

ஒழுங்கையின் முடிவில், லைட் கம்பத்திலிருந்து எதிர் மதில்வரை நீலமும் வெள்ளையுமான நாடா கட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு இளம் பொலிஸ்காரர். பாதை பூட்டு, அம்மா திரும்பவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா நாடாவைப் பிடித்தா.

"மை பிரதர்" என்றா. "தட் சைட். பிளீஸ். மை பிரதர் தட் சைட்."

உங்கள் தம்பிக்கு எத்தனை வயது, எப்படி இருப்பார் என்று அவர் கேட்டார். அம்மா மறுபடியும் "மை பிரதர்" என்றா. எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவின் ஆங்கிலத்தால் எனக்குக் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் அடிக்கடி வருகிற அதே வெட்கம். நான் முன்னால் போய், பிரதர் இல்லை, சன், அம்மா சொல்லை மாற்றிச் சொல்கிறா, வயது பதினைந்து, கறுப்புச் சேட், காற்பந்து விளையாட வந்தவர் என்று ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். அவர் தோளில் இருந்த வாக்கிடோக்கியில் அதை அப்படியே சொன்னார்.

திடலில் ஒரு பொடியனுக்குத் தொடையில் குத்து. பிழைத்துக்கொண்டான் என்று பிறகு அறிந்தோம். விளையாடியவர்கள் எல்லாரையும் பொலிஸ் அந்தப் பக்கம் வரிசையாக நிற்பாட்டி விசாரித்துக்கொண்டிருந்தது. அதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. அம்மா நாடாவைப் பிடித்து இழுத்ததில் அது மதில்வரை அதிர்ந்தது மட்டும் தெரியும்.

கடைசியில் ஒரு பொலிஸ் பெண் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு வந்தா. முகம் வெளிறிப்போயிருந்தான், ஆனால் நடந்து வந்தான். அம்மா அவனைப் பிடித்துத் தலை, நெஞ்சு, வயிறு, முதுகு என்று தடவித் தடவிப் பார்த்தா. கறுப்புச் சேட் முழுக்க வெள்ளை விரல் அடையாளம். அதற்குப் பிறகுதான் அழுதா. அண்ணாவின் தோளில் முகத்தை வைத்து "தம்பி, ஐயோ என்ரை தம்பி" என்று அழுதா. அண்ணாவும் அழுதான். மாமாவின் பெயரைச் சொல்லி ஏதோ முணுமுணுத்தான்.

ஆள்தான் வந்துவிட்டாரே, இனி என்ன என்று எனக்கு இருந்தது. அந்த இளம் பொலிஸ்காரருக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். எல்லாம் சரி, உங்கள் மகன் கிடைத்துவிட்டான், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அம்மாவிடம் அன்பாகச் சொன்னார்.

அம்மா ஒரு கையால் அண்ணாவைப் பிடித்தபடி நாடாவுக்கு அந்தப் பக்கம், ஆட்களெல்லாம் போய் வெறுமையாகிப்போன திடலைப் பார்த்தா. பிறகு அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினா.

"நோ" என்றா. "மை பிரதர். தட் சைட்."

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு இங்கிலிஸ் வடிவாக வராது, சன் என்றுதான் சொல்ல வருகிறா என்று நான் மறுபடியும் திருத்தினேன். அவர் குனிந்து என் தலையைத் தொட்டு, "குட் கேர்ள்" என்றார்.

அம்மாவும் அண்ணாவும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு முன்னாலே நடந்தார்கள். நான் துள்ளிக்கொண்டு பின்னாலே போனேன். வீட்டுக்குப் போனதும் நானே ஓடிப்போய்ச் சங்கிலியைப் போட்டேன். போட்டபின், ஏனென்று தெரியாமல், ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன்.